அறுபத்தொரு காலிக் கட்டங்கள்

சீனப் பத்தியில் அறுபத்தொரு கட்டங்கள் காலியாக இருந்தன. இரண்டு தடவை எண்ணினேன். முதல் தடவை அறுபது வந்தது. ஒரு கட்டம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று விட்டுவிடுகிற சுபாவம் எனக்கு இருந்திருந்தால், இந்நேரம் ரத்த அழுத்த மாத்திரை இல்லாமல் வாழ்ந்துகொண்டிருப்பேன்.

நான் ஒரு மொழிப் பயிற்சி நிலையத்தில் பாடநூல் பிரிவைக் கவனிக்கிறவள். வேலைக்காக வெளிநாடு போகிற நர்ஸ்கள், சமையல்காரர்கள், கிடங்கு ஊழியர்கள் எங்களிடம் ஸ்பானிஷோ ஆங்கிலமோ சீனமோ படிக்க வருகிறார்கள். ஒன்றைப் படித்தவர்கள் இன்னொன்றுக்குத் தாவும்போது தடுக்கி விழுகிற இடம் இயைபு. அதாவது ஒன்று பலவானால், ஆண் பெண்ணானால், நான் நீயானால், கூடவே வாக்கியத்தில் வேறு என்னென்ன மாறுகிறது என்பது. நமக்கு இது யோசிக்காமலே வரும். ‘வந்தாள்’ என்றால் போதும், வந்தது ஆணா பெண்ணா, ஒருத்தியா நாலு பேரா என்று யாரும் கேட்பதில்லை. மரியாதை உண்டா இல்லையா என்பதுகூட வினையின் வாலிலேயே தொங்கும். அதற்காக ஊரில் உள்ள மொழியெல்லாம் நம்மைப் போலவே நடந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா? எங்கள் மாணவர்கள் எதிர்பார்க்கிறார்கள். ஆகவே ஒரு பயிற்சி நூல். இடப்பக்கம் அறுபத்தாறு தமிழ் வாக்கியங்கள், எதிரே மொழிக்கு ஒன்றாக மூன்று பத்திகள், மாறுகிற இடமெல்லாம் சிவப்பில்.

ஆங்கிலப் பத்தி என்னுடையது. பெரிய வீரம் ஒன்றுமில்லை. அவன், அவள், அது என்று வந்தால் வினையில் ஓர் ‘எஸ்’ ஒட்டும். ‘திஸ்’ என்பது ‘தீஸ்’ ஆகும். மற்ற நேரமெல்லாம் ஆங்கிலம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். எப்படியோ எல்லாக் கட்டத்திலும் ஒரு சிவப்புப் புள்ளியாவது வைத்துவிட்டேன்.

ஸ்பானிஷ் பத்தியை எழுதியவர் எங்கள் ஸ்பானிஷ் சார். அவர் தாளைப் பார்த்தால் அம்மை போட்டது மாதிரி இருக்கும். ‘வீடு வெள்ளையாக இருக்கிறது’ என்பதற்கு ‘லா காஸா எஸ் பிளாங்கா’. வீடுகள் ஆகிவிட்டால் ‘லாஸ் காஸாஸ் சோன் பிளாங்காஸ்’. முன்னால் நிற்கிற குட்டிச் சொல், வீடு, வினை, வெள்ளை, நாலும் மாறியாக வேண்டும். ஒரு வீடு இரண்டானதற்காகத் தெருவையே இடித்துக் கட்டுவானேன் என்று கேட்டால், “அதான் மேடம் அழகே” என்பார்.

சீனத்தில் ‘ஃபாங்ஸ ஷ் பாய் த’. வீடுகள் ஆனாலும் ‘ஃபாங்ஸ ஷ் பாய் த’. பத்து வீடானாலும் ஒரு சொல் அசைந்து கொடுக்காது. அதனால்தான் கட்டம் காலி. இது எனக்குப் புரியாமல் இல்லை. என் எரிச்சலுக்குக் காரணம் வேறு. அந்தப் பத்தியை எழுதிய, அதாவது எழுதாத, சீன டீச்சர் என் நாத்தனார்.

என் கணவரின் ஒரே தங்கை. சீனர்கள் நடத்திய சரக்குக் கப்பல் அலுவலகம் ஒன்றில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். புருஷனோடு ஒத்துவராமல் நாலு வருஷத்துக்கு முன்பு இரண்டு பெட்டிகளோடு எங்கள் வீட்டுக்கு வந்து, பின்னறையில் தங்கியிருக்கிறாள். நிலையத்தில் சீனத்துக்கு ஆள் தேடியபோது நான்தான் அவளைச் சேர்த்துவிட்டேன். சலுகை காட்டுகிறேன் என்று ஒரு வாய் பேசிவிடக்கூடாதே என்று, அலுவலகத்தில் அவளை “டீச்சர், வாங்க” என்பேன். வீட்டில் “ஏய், இங்க வா” என்பேன். ஒரே ஆளுக்கு ஒரு நாளில் இரண்டு விகுதி. தமிழ் படித்தவளுக்கு இதுகூடச் செய்ய வராதா?

திங்கட்கிழமை மேலாளர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், கோபமே வராது. அவருடைய கணினித் திரையில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு பட்டை இருக்கும். பத்துக்கு ஒன்பது கட்டம் நிரம்பினால் பட்டை பச்சை, இல்லையென்றால் வெள்ளை.

“ஸ்பானிஷ் பச்சை, இங்கிலீஷ் பச்சை. சைனீஸ் மட்டும் வெள்ளையா நிக்குது மேடம்” என்றார். “வெள்ளிக்கிழமையோட அவங்க ஒப்பந்தம் முடியுது. அதுக்குள்ள பச்சை ஆயிடுச்சுன்னா இன்னும் ஒரு வருஷம் நீட்டிச்சு லெட்டர் கொடுத்துடலாம். ஆகலன்னா வேற ஆள்தான் பாக்கணும்.”

“சார், அந்த மொழியில அப்படி மாறறது எதுவுமே இல்ல. அதனாலதான் காலி.”

“இருக்கலாம் மேடம். ஆனா திரைக்கு அது தெரியாதே.”

எந்த மடையன் கண்டுபிடித்த முறையோ என்று மனசுக்குள் வைதுகொண்டே வெளியே வந்தேன்.

அந்த லெட்டர் வெறும் வேலைக்கு மட்டும் அல்ல. எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாடியில் இரண்டு அறை கொண்ட ஒரு வீட்டை நாத்தனார் பார்த்து வைத்திருந்தாள். ஒரு வருஷத்துக்கு வேலை உறுதி என்று கடிதம் காட்டினால்தான் சாவி என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார். சனிக்கிழமைவரைக்கும் பொறுப்பாராம். நாத்தனார் மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாவது முறை டேப்பைக் கொண்டுபோய் ஜன்னலை அளந்தாள். நாலு வருஷத்தில் அவள் ஒன்றை ஆசைப்பட்டு நான் பார்த்தது அதுதான். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை, மறைப்பானேன்? என் சமையலறையில் கரண்டியை அவள் ஓரிடத்தில் வைப்பாள், நான் வேறிடத்தில் தேடுவேன். நாலு வருஷமாக ஒரே தேடல்.

அன்று சாயங்காலம் அடுப்படியிலேயே ஆரம்பித்தேன்.

“எல்லாக் கட்டத்துலயும் ‘மாறாது’ன்னு ஒரு வார்த்தை எழுதிடேன். ஒழிஞ்சது சனியன்.”

“அது சரியா வராது அண்ணி.”

“ஏன் வராது? மாறாதுங்கறது உண்மைதானே?”

“மாறாதுன்னு எழுதினா, அங்க மாறக்கூடிய ஒண்ணு இருக்கு, இந்தத் தடவை மாறலன்னு பசங்க நினைச்சுப்பாங்க. எப்ப மாறும்னு தேட ஆரம்பிச்சுடுவாங்க. தேடத் தேவையே இல்லன்னு சொல்றதுதான் என் பாடம். அந்த நேரத்துல வேற படிக்கலாம் இல்ல?”

“அஞ்சு கட்டத்துல மட்டும் எழுதியிருக்கியே?”

“அது நான், நாங்கன்னு வர்ற இடம். ‘மென்’னு ஒண்ணு ஒட்டும். அதுவும் ஆளுங்களுக்குத்தான். அறுபத்தாறு வாக்கியத்தையும் பழைய ஆபீஸ்ல பதினோரு பேர்கிட்ட சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கேன் அண்ணி. மூணு மாசம் ஆச்சு. சும்மா விடல.”

“மூணு மாசம் வேலை பார்த்து ஒண்ணும் எழுதாத ஆளை இப்பத்தான் பாக்கறேன்” என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கணவரிடம் போய், உங்கள் தங்கைக்குப் புத்தி சொல்லுங்கள் என்றேன். “உங்க ரெண்டு பேர் நடுவுல என்னை இழுக்காதே” என்று அவர் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார். இந்தக் குடும்பமே இப்படித்தான், அண்ணன் பேச மாட்டார், தங்கை எழுத மாட்டாள்.

செவ்வாயும் அரைத்த மாவையே அரைத்தோம். புதன்கிழமை மதியம் அவள் வகுப்புக்குப் போயிருந்த நேரத்தில் நான் அவளுடைய கோப்பைத் திறந்தேன்.

நூல் பொறுப்பாளர் என்ற முறையில் எல்லாக் கோப்புகளையும் திறக்க எனக்கு உரிமை உண்டு. அந்த ‘மென்’ என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆட்களுக்கு ஒட்டுமாம், வீட்டுக்கு ஒட்டாதாம். ஒட்டினால்தான் என்ன, வீடு கோபித்துக்கொள்ளுமா? பேச்சுவழக்கில் யாராவது சொல்லாமலா இருப்பார்கள்? இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பன்மை வந்த இடத்திலெல்லாம் ‘மென்’ போட்டேன். மிஞ்சிய இடங்களில், ஒரு புத்தகம், ஒரு நாற்காலி என்று எண்ணும்போது நடுவே வருகிற சொற்களை அவளுடைய பின்னிணைப்பிலிருந்து எடுத்து ஒட்டினேன். அதை ஏன் தனியாக வைத்திருந்தாள் என்று ஒருமுறை விளக்கியிருக்கிறாள். நான் அப்போது கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் அறுபத்தொரு கட்டமும் நிரம்பிவிட்டது. அவள் மூன்று மாசம் உட்கார்ந்து செய்யாததை!

சாயங்காலத்துக்குள் பட்டை பச்சையாகிவிட்டது. மேலாளர் தானே என் மேசைக்கு வந்தார். “நீட்டிப்பு லெட்டரை அடிக்கச் சொல்லிட்டேன் மேடம். வெள்ளிக்கிழமை கையெழுத்து. முதல் ரெண்டு பாடத்தை நாளைக்கே வகுப்புல கொடுத்துப் பார்த்துடலாம்.” நான் தலையாட்டினேன். வீட்டில் நாத்தனாரிடம், எல்லாம் நான் பேசிச் சரிசெய்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். “நிஜமாவா அண்ணி?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படியெல்லாம் கையைப் பிடிக்கிற ரகம் அல்ல. எனக்கு என்னவோபோல் இருந்தது. ஆனாலும் வேலை முடிந்ததே என்கிற திருப்தியில் நன்றாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு, நகலெடுக்கும் அறையில் நான் நின்றுகொண்டிருந்தபோது அவள் வந்து கதவைச் சாத்தினாள். கையில் அன்றைய பாடத் தாள்.

“இதை யாரு எழுதினது?”

ஒரு பொய் வாய்வரை வந்தது. “நான்தான்” என்றேன்.

“நான் உள்ள போறதுக்கு முன்னாடியே தாளைக் கொடுத்துட்டாங்க. அந்த நர்ஸம்மா இருக்காங்களே, அடுத்த மாசம் கிளம்பறவங்க, அவங்க ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து உக்காந்து மனப்பாடம் பண்ணியிருக்காங்க. நான் போனதும் எழுந்து நின்னு கடகடன்னு ஒப்பிச்சாங்க. வீடுமென், கட்டில்மென், மருந்துமென். எப்படி இருந்துச்சு தெரியுமா? ‘வீட்டுக்காரங்க’ இல்ல அண்ணி, ‘வீடுமார்கள் வந்திருக்காங்க, உக்காரச் சொல்லுங்க’ங்கற மாதிரி. நல்லா சொன்னேனா டீச்சர்னு கேக்கறாங்க. எல்லாரும் என்னைப் பாக்கறாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“அச்சுல தப்பு வந்துடுச்சுன்னு சொன்னேன். தாளைத் திரும்ப வாங்கிட்டேன். ‘கஷ்டப்பட்டுப் படிச்சேனே டீச்சர்’னு அவங்க கண்ணு கலங்கிடுச்சு.”

“உனக்காகத்தானே செஞ்சேன்!” என்று கத்திவிட்டேன். “உன் லெட்டருக்காக! உன் வீட்டுக்காக! ஊர்ல இருக்கறவ எல்லாம் ரெண்டு வார்த்தை எழுதிக் கொடுத்துட்டுச் சம்பளம் வாங்கிட்டுப் போறா. நீ மட்டும் ஏன் இப்படி என் உயிரை வாங்கறே?”

அவள் தாளை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனாள். நகல் இயந்திரம் பாட்டுக்கு முப்பது பிரதி தள்ளிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக மேலாளர் அறைக்குப் போனேன். ஏதோ விடுப்பு விஷயமாக ஸ்பானிஷ் சாரும் அங்கே உட்கார்ந்திருந்தார். இருந்தால் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். கட்டங்களை நிரப்பியது நான், எல்லாம் தப்பு, காலியாக இருந்ததுதான் சரி, அந்தக் காலியை நிரம்பியதாக எடுத்துக்கொண்டு லெட்டரைக் கொடுங்கள். இப்படி ஒரு மூட்டை.

மேலாளர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். ‘நிரப்பப்படாத கட்டம் செய்யப்படாத பணியாகவே கருதப்படும்.’ தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தியது. கீழே என் கையெழுத்து.

“கம்ப்யூட்டர்ல பச்சை வெள்ளை போட்டது நான்தான் மேடம். ஆனா விதி உங்களோடது. ஆசிரியருங்க பாதித் தாளைக் காலியா கொடுக்கறாங்கன்னு நீங்கதான் கேட்டு வாங்கினீங்க.”

எனக்கு நினைவு வந்தது. அந்த வருஷம் பாதித் தாளைக் காலியாகக் கொடுத்தவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். ஸ்பானிஷ் சார் தொண்டையைச் செருமினார்.

“மேடம், கோவிச்சுக்கக் கூடாது. அந்த சுற்றறிக்கைக்குப் பயந்துக்கிட்டு நானும் ஒரு இருபது கட்டம் சும்மாதான் ரொப்பியிருக்கேன். ஒரே உதாரணத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டு.”

“இதை இப்பத்தான் சொல்லத் தோணுச்சா உங்களுக்கு?”

“நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் மேடம்.”

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. யாரை வைவது? அவரை வைதால் அந்த வசவு நேராக என்னிடமே திரும்பி வரும்.

“விதியை மாத்திடுங்க சார்” என்றேன்.

“மாத்தலாம். குழு கூடணும், அது மூணு மாசம் கழிச்சு. ஒப்பந்தம் இன்னிக்கு முடியுது.” அவர் குரல் தணிந்தது. “நீங்க சொன்னது எதுவும் என் காதுல விழல மேடம். நூல் உங்க பொறுப்பு. நாலு மணிக்குப் பட்டை பச்சையா இருந்தா கையெழுத்துப் போட்டுடறேன். அப்புறம் சாவகாசமா திருத்திக்குங்க.”

எவ்வளவு நல்ல யோசனை! அப்படியே விட்டுவிட்டு, லெட்டர் வந்ததும் திருத்திக்கொள்ளலாம். என் மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் அதைத்தான் முடிவு செய்தேன். ஆனால் நூலின் மாதிரிப் பிரதி நாலு மணிக்கு மற்றக் கிளைகளுக்குப் போகிறது என்பது என் மேசை நாட்காட்டியிலேயே வட்டம் போட்டிருந்தது. ஏழு கிளைகள். ஒவ்வொன்றிலும் சீக்கிரமே வந்து உட்கார்ந்து மனப்பாடம் செய்கிற ஒரு நர்ஸாவது இருப்பாள். போனால் போகிறது, வெளிநாட்டில் நாலு பேர் சிரிப்பார்கள், சிரித்தால் என்ன, யார் செத்துப்போகப் போகிறார்கள்? இதையும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நூலின் முதல் பக்கத்தில், சீனம் என்பதற்கு எதிரே, இருந்தது அவள் பெயர்.

மூன்று மணிக்கு அவள் என் மேசைக்கு வந்தாள். மேலாளர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். நின்றபடியே கேட்டாள்.

“எடுத்துடுங்க” என்றாள்.

“லெட்டர்?”

“எடுத்துடுங்க அண்ணி. எனக்கு வகுப்பு இருக்கு.”

எடுத்தேன். ஏழாவது கட்டத்தை அழித்தபோதே பட்டை வெள்ளையாகிவிட்டது. மிச்சம் ஐம்பத்துநாலு. நிரப்பும்போது பறந்த கை இப்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் நின்று நின்று போனது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவள்மேல் ஆத்திரமா, மேலாளர்மேலா, வீடு பத்தானாலும் அசையாமல் நிற்கிற அந்த மொழியின்மேலா என்று தெரியவில்லை. கடைசிக் கட்டத்தை அழித்ததும் எண்ணிப் பார்த்தேன். முதல் தடவையே அறுபத்தொன்று வந்தது. நாலு மணிக்கு, ஒப்பந்தம் நிறைவு என்று ஒரு வரிக் கடிதத்தை மேலாளர் அவளிடம் கொடுத்தார். அவர் முகமும் நன்றாக இல்லை.

வீட்டுக்கு நான் போனபோது அவள் கூடத்தில் நின்று வீட்டுக்காரம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “இல்லம்மா, லெட்டர் கிடைக்கல. வேற யாருக்காவது கொடுத்துடுங்க. ரொம்ப நல்ல ஜன்னல்மா அது.” என் கணவர் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீயே வேலை வாங்கிக் கொடுத்து, நீயே பறிச்சுட்டியா?”

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனுஷருக்கு வாய் திறக்க இதுதான் நேரம். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் போனை வைத்துவிட்டு, “அண்ணி பறிக்கலண்ணா. தப்பா இருந்ததை எடுத்தாங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

நான் பின்னாலேயே போனேன். தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் என் வாய் என் பேச்சை என்றைக்குக் கேட்டது?

“புதுசா வர்றவ ஏதாவது எழுதி ரொப்பத்தான் போறா. பச்சை ஆயிடும். உனக்கு என்ன மிஞ்சுச்சு, சொல்லு?”

“ஒண்ணும் மிஞ்சல அண்ணி. எனக்கும் அந்த வீடு போச்சேன்னு வயிறு எரியுது. நீங்க கத்தினா நானும் கத்திடுவேன், அதான் பேசாம இருக்கேன்.” அடுப்பைத் தணித்தாள். “லெட்டர் போனதுகூடப் பரவாயில்ல. அறுபத்தொரு கட்டம் என் பேருல எழுதினீங்களே, ஒரே ஒரு கட்டத்துக்காவது என்னைக் கேட்டிருக்கலாமே?”

“கேட்டா நீ வேண்டாம்னு சொல்லியிருப்பே.”

“ஆமா அண்ணி” என்றாள். “வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்.”

தண்ணீர் கொதித்து வழியும்வரை இருவரும் அங்கேயே நின்றோம்.